சுண்ணாம்பாறா, பிச்சாவரமா?

புதுச்சேரிக்கு வரும் சொந்தக்காரர்கள் ஒரு நாளைத் தண்ணீரில் கழிக்க என்னிடம் கேட்பது இந்த இரண்டைப் பற்றித்தான்.

சுண்ணாம்பாறு பக்கத்தில்தான், கடலூர் சாலையில் சுமார் 8 கிலோமீட்டர். படகில் ஏற்றிப் போய் முகத்துவாரத்தில் பாரடைஸ் கடற்கரையில் இறக்கிவிடுவார்கள். மணல் அருமை. ஆனால் கடலின் இழுப்பு பலமானது, கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அரை நாள் போதும்.

பிச்சாவரம் போகவே இரண்டு மணி நேரம் ஆகும். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே சுமார் 1,100 ஹெக்டேர் அலையாத்திக் காடு, அதாவது உப்புத் தண்ணீரில் வளரும் மாங்குரோவ் காடு. மோட்டார் படகு குறுகலான கால்வாய்களுக்குள் நுழையாது, துடுப்புப் படகையே எடுங்கள். சுரபுன்னை வேர்கள் இருபுறமும் வில்லாக வளைந்து சேற்றில் இறங்கியிருக்கும். கிளைகள் தலையை உரசும். வெண்கண்டல் என்ற இன்னொரு அலையாத்தி மரத்தின் இலையை விரலால் தடவிப் பாருங்கள், உப்பு ஒட்டும். உடம்பில் சேரும் உப்பை அந்த மரம் இலை வழியே வெளியேற்றுகிறது. 2004 சுனாமியில் பக்கத்து ஊர்களுக்கு அரணாக நின்றதும் இந்தக் காடுதான்.

மூச்சுக்குழாய் மாட்டி நீந்தித் தண்ணீருக்கடியில் பார்க்கும் ஸ்நார்க்கலிங் ஆசைக்கு இரண்டுமே சரிவராது, தண்ணீர் கலங்கல்.

கைக்குழந்தை இருந்தால் சரி, சுண்ணாம்பாறு போங்கள். மற்றவர்களுக்கு நான் பிச்சாவரம்தான் சொல்வேன். அப்புறம், விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் படகில் வெயில் தாங்காது.