மனச்சோர்வு: டி.எஸ்.எச். பார்ப்பதா, கார்டிசால் பார்ப்பதா?

கடைமடைக்குத் தண்ணி வருமா என்று தூக்கம் கெட்டவரும் இப்போது "ஸ்ட்ரெஸ் ஹார்மோன் டெஸ்ட்", அதாவது கார்டிசால் பரிசோதனை, கேட்கிறார். டி.எஸ்.எச். என்பது தைராய்டு சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை.

செலவு: டி.எஸ்.எச். பொதுவாக மலிவு.

எடுக்கும் நேரம்: டி.எஸ்.எச்.சுக்கு வெறும் வயிறு வேண்டாம். பயோட்டின் (ஒரு வைட்டமின்) மாத்திரையை மட்டும் 2 நாள் முன்பே நிறுத்துங்கள். கார்டிசால் காலை 8 மணி வாக்கில் உச்சம், நள்ளிரவில் அடிமட்டம். திருவாரூரிலிருந்து தஞ்சாவூருக்கு நெரிசல் பஸ்ஸில் நின்று வந்து, ஊசிக்குப் பயந்தாலே ஏறிவிடும். மூட்டுவலிக்கு விழுங்கும் ஸ்டீராய்டும் எண்ணைப் புரட்டிவிடும் (அதைத் திடீரென நிறுத்தவும் கூடாது).

பயன்: தைராய்டு குறைவின் சோர்வும் மந்தமும் அப்படியே மனச்சோர்வு போலிருக்கும், மாத்திரைக்குக் கட்டுப்படும். கார்டிசால் எண்ணை வைத்து மனச்சோர்வை உறுதிசெய்ய முடியாது.

ஆகவே முதலில் டி.எஸ்.எச். முகம் உருண்டு, வயிற்றில் ஊதா வரிகள் விழுந்தால் (கார்டிசால் மிகையின் அறிகுறிகள்) மட்டும் கார்டிசால். அதுவும் மருத்துவர் சொன்னால், இரவு 11 மணிக்கு டெக்ஸாமெத்தசோன் (ஒரு ஸ்டீராய்டு மாத்திரை) 1 மி.கி. விழுங்கி மறுநாள் காலையில். டி.எஸ்.எச். சரியாக இருந்தும் 2 வாரமாக மனம் தேறவில்லையா? மனநல மருத்துவரைப் பாருங்கள், அல்லது 14416 என்ற மனநல உதவி எண்ணை அழையுங்கள்.