சுண்ணாம்பா, டிஸ்டெம்பரா, எமல்ஷனா? குறைந்த செலவில் வீட்டைப் புதுசாக்க எது சரி?

மார்கழி பிறந்ததும் பெயின்ட் கடைகளில் கூட்டம் சேர்ந்துவிடும். பொங்கலுக்குள் வீடு பளிச்சென்று ஆகவேண்டும், கையில் இருப்பதோ பத்தாயிரமோ பதினைந்தாயிரமோ. கடைக்காரர் ஷேட் கார்டை நீட்டுகிறார், நாமும் நிறத்தைத் தேட ஆரம்பித்துவிடுகிறோம். என்னைக் கேட்டால் நிறம் கடைசியாக வரவேண்டிய கேள்வி. உங்கள் சுவர் ஈரமா உலர்ந்ததா, வீடு சொந்தமா வாடகையா என்ற இரண்டுக்கும் முதலில் பதில் தெரிய வேண்டும். எதில் பணம் போடலாம், எதில் போடக்கூடாது என்பதெல்லாம் அதிலிருந்துதான் வரும்.

இங்கே நான் மனதில் வைத்திருப்பது 1970, 80களில் கட்டிய செங்கல் சுவர் வீடுகளை. பத்துக்குப் பன்னிரண்டு அறை, மொசைக் தரை, மரச்சட்ட ஜன்னல், இரும்புக் கிரில். சென்னையின் பழைய குடியிருப்புகளிலும் டெல்டா ஊர்களிலும் இப்படிப்பட்ட வீடுகள் ஏராளம்.

முதலில் சுவரைச் சோதியுங்கள்

ஓர் அடிக்கு ஓர் அடி பாலித்தீன் தாளை எடுத்து, சந்தேகமான இடத்தில் நான்கு ஓரமும் டேப் போட்டுக் காற்று புகாமல் ஒட்டுங்கள். ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டுப் பாருங்கள். தாளுக்கு உள்பக்கம் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தால் சுவருக்குள் ஓதம் இருக்கிறது. வெளிப்பக்கம் மட்டும் ஈரம் படிந்திருந்தால் அது அறையின் காற்றில் உள்ள ஈரம், ஜன்னலைத் திறந்துவைத்தாலே சரியாகும்.

அடுத்து, ஈரத்துணியால் சுவரை அழுத்தித் தேயுங்கள். துணியில் மாவு மாதிரி நிறம் வந்தால் மேலே இருப்பது சுண்ணாம்போ, சுண்ணத்தூளில் செய்த மலிவான டிஸ்டெம்பர் பெயின்டோதான். இது ஏன் முக்கியம் என்பது கீழே வரும்.

சுண்ணாம்பு: ஓதச் சுவருக்கு இதுவே நல்லது

சுண்ணாம்பை ஏழை வீட்டுப் பூச்சு என்று ஒதுக்கிவிட்டோம். எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. தரையோடு ஒட்டிய வீட்டில், கீழ்ச்சுவர் இரண்டு மூன்று அடிக்கு உப்புப் பூத்துப் பொரிந்து கிடக்கும்போது, அதன்மேல் பட்டி பார்த்து (சுவரைச் சமமாக்கும் மாவைப் பூசி), தண்ணீரில் கலக்கும் பிளாஸ்டிக் பெயின்டான விலை உயர்ந்த எமல்ஷனை அடிப்பது பணத்தைக் கொட்டும் வேலை. எமல்ஷன் காய்ந்ததும் மேலே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலமாக நிற்கிறது. சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேறப் பார்க்கும்போது அந்தப் படலத்தைத் தள்ளுகிறது. முதலில் கொப்புளம் வரும், பிறகு பட்டியோடு சேர்ந்து பாளம் பாளமாக உதிரும். சுண்ணாம்பில் அந்தப் படலம் கிடையாது. ஈரம் அதனூடே வெளியேறிவிடும். அதன் காரத்தன்மையால் பூஞ்சையும் எளிதில் பிடிக்காது. காய்ந்தபின் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெல்ல மெல்ல இறுகிக் கல்லாகிறது.

சுண்ணாம்பு அடித்தால் ஓதம் நின்றுவிடும் என்று சொல்லவில்லை. கறை மறுபடி தெரியத்தான் செய்யும். ஆனால் அடுத்த வருஷம் திரும்ப அடிக்க ஆகும் செலவு மிகச் சொற்பம். ஓதம் கசியும் குழாயிலிருந்து வந்தாலும் சரி, மேல்தளத்திலிருந்து வந்தாலும் சரி, அதைச் சரிசெய்யாமல் எந்தப் பெயின்டும் உதவாது.

அடிக்கும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. கல் சுண்ணாம்பையோ கிளிஞ்சல் சுண்ணாம்பையோ தண்ணீரில் போட்டு ஒரு நாளாவது ஊறவிட வேண்டும். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். ஆறியதும் துணியில் வடிகட்டி, மோர்ப் பதத்துக்குக் கரைத்துக்கொண்டு, கொஞ்சம் பசையும் ஒரு சிட்டிகை நீலமும் சேர்க்கலாம். சுவரை முன்னாலேயே நனைத்துவிட்டு மெல்லிய பூச்சாக அடிக்க வேண்டும். அடிக்கும்போது சுவரே தெரியும், ஒன்றும் பிடிக்கவில்லை என்று தோன்றும். காயக் காயத்தான் வெளுக்கும். இது தெரியாமல் கெட்டியாகக் கரைத்து அடிப்பவர்களின் சுவர்தான் சட்டையில் ஒட்டுகிறது, வெடித்து உதிர்கிறது. கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். சுண்ணாம்புத் துளி கண்ணில் பட்டால் புண்ணாகிவிடும்.

ஒரு வரம்பும் உண்டு. ஏற்கெனவே எமல்ஷனோ ஆயில் பெயின்டோ இருக்கும் சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது. பழைய சுண்ணாம்பு, வெறும் காரைப்பூச்சு, செங்கல், இவற்றின்மேல்தான் நிற்கும். மிச்சமான கரைசலை மொட்டை மாடியில் அடித்துவிடுங்கள். வெயிலைத் திருப்பி அனுப்பும், சித்திரையில் மாடிக்குக் கீழே படுப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியும்.

டிஸ்டெம்பரும் எமல்ஷனும்

உலர்ந்த சுவர் என்றால் போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான். டிஸ்டெம்பர் கிலோ கணக்கில் வரும், விலை குறைவு, வீடு அன்றைக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் சாய்ந்து உட்காரும் இடத்தில் முதுகில் ஒட்டும். சுவிட்ச் போர்டைச் சுற்றி விரல் அழுக்குப் படிந்தால் துடைக்க முடியாது, துடைத்த இடம் திட்டாகத் தெரியும். அக்ரிலிக் டிஸ்டெம்பர் இதைவிடப் பரவாயில்லை, லேசாகத் துடைக்கலாம்.

டிஸ்டெம்பரின் உண்மையான செலவு அடுத்த முறை பெயின்ட் அடிக்கும்போது தெரியும். மாவு போல உதிரும் பரப்பின்மேல் எமல்ஷன் அடித்தால், அது சுவரைப் பிடிக்காமல் அந்த மாவைத்தான் பிடிக்கும், கொஞ்ச நாளில் தோலாக உரியும். ஆகவே பழைய டிஸ்டெம்பரைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, பிரைமர் என்ற அடிப்பூச்சை அடித்த பிறகே எமல்ஷன். அந்தச் சுரண்டல் கூலிதான் பட்ஜெட்டைச் சாப்பிடும். இந்த மாதிரி வேலைகளில் பெயின்டின் விலையைவிடக் கூலி அதிகமாவது சாதாரணம். இன்றைக்கு டிஸ்டெம்பரில் மிச்சம் பிடித்த தொகை அப்படியே சுரண்டுபவருக்குப் போய்விடும்.

அதனால் என் தேர்வு எகானமி எமல்ஷன். பிரீமியம் எமல்ஷனுக்கும் இதற்கும் விலை இரண்டு மூன்று மடங்கு வித்தியாசப்படும், ஆனால் படுக்கையறைச் சுவருக்கு அந்த வித்தியாசம் தேவையே இல்லை. அளவு கணக்கு எளிது. பத்துக்குப் பன்னிரண்டு அறை, உயரமும் பத்தடி என்றால் நான்கு சுவரும் சேர்ந்து 440 சதுர அடி. கதவு, ஜன்னலைக் கழித்தால் சுமார் 400. இரண்டு கோட்டுக்கு ஒரு லிட்டர் 50 முதல் 70 சதுர அடி வரை வரும் என்று வைத்தால், ஆறிலிருந்து எட்டு லிட்டர். மேஸ்திரி ஓர் அறைக்கு இருபது லிட்டர் வாளி கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

பளபளப்பு வேண்டாம். பழைய சுவரின் மேடு பள்ளத்தையெல்லாம் பளபளப்பு காட்டிக்கொடுக்கும், மேட் ஃபினிஷ் மறைத்துவிடும். பிறகு ஓர் இடத்தில் மட்டும் தொட்டு அடித்தாலும் மேட் ஃபினிஷில் திட்டுத் தெரிவது குறைவு, ஆகவே மிச்சப் பெயின்டை டப்பாவோடு மூடி வையுங்கள். சுவர் முழுக்கப் பட்டி பார்ப்பதும் தேவையில்லை. விரிசலுக்கும் ஆணி ஓட்டைக்கும் மட்டும் வைத்துத் தேய்த்தால் போதும்.

இன்னும் மிச்சம் பிடிக்க வேண்டுமா? பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அழுக்குப் படுவதெல்லாம் கீழ் நான்கடிதான். பழைய பள்ளிக்கூடங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் கீழ்ப்பாதிக்கு ஆயில் பெயின்ட் அடித்துவைத்தது அதனால்தான். வாசலிலிருந்து உள்ளே போகும் நடையில் கீழ்ப்பாதிக்கு மட்டும் அடர்ந்த நிறத்தில் கழுவக்கூடிய பெயின்ட், மேலே வெள்ளை என்று அடித்தால் அழகாகவும் இருக்கும், வருஷக்கணக்கில் தாங்கும். ஓதம் உள்ள சுவரில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

வால்பேப்பர், ஸ்டிக்கர்

நம் ஊர்ச் சுவருக்கு எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. வழக்கமான ஒரு ரோல் 21 அங்குல அகலம், 10 மீட்டர் நீளம், சுமார் 57 சதுர அடி. டிசைன் சேர்ப்பதில் வெட்டு போக ஐம்பதுதான் தேறும். மேலே சொன்ன அறைக்கு எட்டு ரோல், அதோடு ஒட்டும் கூலி. வினைல் தாளுக்குப் பின்னால் ஈரம் மாட்டினால் கரும்பூஞ்சை பிடிக்கும், மழைக்காலத்தில் மூலைகள் தூக்கும். ஒட்டிக்கொள்ளும் ஸ்டிக்கர்கள் உரிக்கும்போது பெயின்டையும் சேர்த்து எடுத்துவரும். ஒரே ஒரு சுவர், அதுவும் வெளிப்புறம் மழை படாத உள்சுவர் என்றால் சரி, செய்து பார்க்கலாம்.

தரை: மூடுவதா, தேய்ப்பதா?

இங்கேதான் பலர் கையில் இருக்கும் நல்ல பொருளை மறைத்துவிடுகிறார்கள். மொசைக் தரை மங்கிப்போனதும் ரோலாக விற்கும் வினைல் விரிப்பை வாங்கி விரிக்கிறார்கள். ஒரே நாளில் வேலை முடியும், மர டிசைனும் வரும். ஆனால் நாம் தண்ணீர் விட்டு வீடு துடைப்பவர்கள். ஓரத்தில் தண்ணீர் உள்ளே இறங்கித் தேங்கும், நாற்றம் வரும். நாற்காலிக் கால் இழுத்த இடம் கிழியும்.

மொசைக்கை மெஷின் வைத்து மறுபடி பாலிஷ் போட்டால் அது இன்னும் பல வருஷத்துக்கு அப்படியே இருக்கும். தண்ணீர் விட்டுக்கொண்டே சொரசொரப்பான கல்லில் தொடங்கி, வரவர மென்மையான கற்களால் தேய்த்து, கடைசியில் ஆக்சாலிக் ஆசிட் போட்டுப் பளபளப்பு ஏற்றுவார்கள். நாற்பது வருஷத்துத் தேய்மானம் போய், உள்ளே பதித்த சலவைக்கல் சில்லுகள் பச்சை, கறுப்பு, வெள்ளை என்று தனித்தனியாகத் தெரியத் தொடங்கும். அந்த வேலைப்பாடு இன்று புதிதாகப் போட்டால் கட்டுப்படியாகாது. சதுர அடிக் கணக்கில்தான் கூலி கேட்பார்கள், விரிப்பின் விலையைவிடக் கூடுதலாகலாம், ஆனால் விரிப்பு மாதிரி திரும்பத் திரும்ப வாங்க வேண்டியதில்லை. கஷ்டம் என்னவென்றால் சேறு. அறையைக் காலி செய்ய வேண்டும், சேறு சுவரில் அரையடிக்குத் தெறிக்கும். ஆகவே தரை வேலையை முடித்துவிட்டுத்தான் பெயின்ட்.

சிவப்பு ரெட் ஆக்சைடு தரை இருப்பவர்களுக்கு இந்தச் செலவும் இல்லை. நன்றாகக் கழுவிக் காயவிட்டு, துணியில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தொட்டு அழுத்தித் தேய்த்து, மிச்சத்தை உலர்ந்த துணியால் எடுத்துவிடுங்கள். வழுக்காமல் பார்த்துக்கொள்வது முக்கியம், வயதானவர்கள் உள்ள வீட்டில் எண்ணெய் வேண்டாம்.

பெயின்டே அடிக்காமல்: விளக்கும் திரையும்

ஆயிரம், இரண்டாயிரம்தான் இருக்கிறது என்றால் பெயின்ட் பக்கமே போகாதீர்கள், பல்பை மாற்றுங்கள். எல்இடி பல்பின் அட்டைப்பெட்டியில் 6500 கெல்வின் என்று போட்டிருந்தால் அது நீலம் கலந்த வெள்ளை. க்ரீம் நிறச் சுவரை அது சாம்பலாக்கிவிடும், ஆட்களின் முகமும் வெளிறித் தெரியும். நம் கூடங்களில் பெரும்பாலும் இருப்பது அந்த வெளிச்சம்தான். கூடத்துக்கும் படுக்கையறைக்கும் 3000 கெல்வின், அதாவது மஞ்சள் சாயல், அல்லது நடுவாந்திரமான 4000. சமையலறைக்கும் பிள்ளைகள் படிக்கும் மேசைக்கும் 4000-க்கு மேல் இருக்கட்டும். சாதாரண 9 வாட் பல்பு நூறு ரூபாய் அளவில் கிடைக்கிறது. ஒரே குழல்விளக்கை நம்பியிராமல், மூலையில் ஒரு நிற்கும் விளக்கோ சுவர் விளக்கோ சேர்த்தால், அதே பழைய சுவர் வேறு மாதிரி தெரியும். பெயின்ட் அடிக்கத் தீர்மானித்தவர்களும் பல்பை முதலில் மாற்றிவிட்டு, சின்ன டப்பா வாங்கி இரண்டடிக்கு இரண்டடி அடித்து, காய்ந்தபின் இரவில் பார்த்து நிறத்தை முடிவு செய்யுங்கள்.

திரைச்சீலைக்கு விலையுயர்ந்த துணி வேண்டாம். கரூர் முழுக்க வீட்டுத் துணி நெய்து ஏற்றுமதி செய்யும் ஊர், அங்கே நெய்த பருத்தித் திரைகள் நியாயமான விலையில் கிடைக்கும். கம்பியை ஜன்னல் சட்டத்தின் மேலேயே அடிக்காமல், கூரையிலிருந்து அரையடி கீழே அடித்து, திரையைத் தரை தொட விடுங்கள். தாழ்ந்த கூரை உயர்ந்தது போல் தெரியும். கூடத்தில் ஒரு பவானி ஜமக்காளம் விரித்தால் தரையின் மங்கலும் மறையும், சிவப்பும் பச்சையுமாக நிறமும் வந்துவிடும்.

இவற்றோடு ஜன்னல் கிரிலைத் துரு போகத் தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமர் போட்டு, கறுப்பு எனாமல் அடித்துவிட்டால் ஜன்னல் முழுசாகப் புதிதாகும். ஒரு லிட்டர் எனாமல் பல கிரில்லுக்கு வரும், ஞாயிற்றுக்கிழமையில் நாமே செய்யக்கூடிய வேலை.

வாடகை வீட்டில் இருந்தால்

எடுத்துச் செல்லக்கூடியவற்றில் மட்டும் பணம் போடுங்கள்: பல்பு, திரை, ஜமக்காளம், நிற்கும் விளக்கு. சுவருக்கு நீங்கள் செலவு செய்யும் முன் ஒப்பந்தத்தை ஒருமுறை படியுங்கள். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் பராமரிப்புப் பொறுப்புகளைப் பிரித்துத் தந்திருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு, ஜன்னலுக்கு வர்ணம் பூசுவதும் வீட்டு உரிமையாளர் பக்கம்தான் வருகின்றன. பலருக்கு இது தெரியாது. உரிமையாளர் தயங்கினால், பெயின்ட் அவர் வாங்கித் தரட்டும், கூலியை நாம் கொடுக்கிறோம் என்றோ, கூலியை வாடகையில் கழித்துக்கொள்கிறோம் என்றோ பேசிப் பாருங்கள். எதற்கு ஒத்துக்கொண்டாலும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் எல்லாச் சுவரையும் படமெடுத்து அவருக்கே அனுப்பிவிடுங்கள், காலி செய்யும்போது அட்வான்ஸில் பெயின்ட் காசு பிடிக்கும் பேச்சு வந்தால் அது கையில் இருக்கும்.