தொங்கிய இமை, அசையாத விழி: எதற்கு முதலிடம்?

இமை தொங்கியிருக்கிறது, விரலால் தூக்கிப் பார்த்தால் விழியும் எந்தப் பக்கமும் சரியாகத் திரும்பவில்லை. மூன்றாவது, நான்காவது, ஆறாவது மண்டை நரம்புகள் சேர்ந்து செயலிழந்தால் நிலை இதுதான். மூன்றும் அருகருகே செல்லும் இடங்கள் சிலவே என்பதால் தேட வேண்டிய பரப்பு சுருங்கிவிடுகிறது. கூடவே கன்னமும் மரத்திருந்தால் கேவர்னஸ் சைனஸை, அதாவது கண்குழிக்குப் பின்னே மண்டையோட்டின் அடியில் உள்ள சிரை அறையைச் சந்தேகிக்கலாம். பார்வையும் மங்கினால் கண்குழியின் பின்நுனியை.

நரம்பின் கட்டளை தசைக்குச் சரியாகச் சேராத மயஸ்தீனியா என்ற நோயும் இதே வேடம் போடும். ஆனால் அதில் கண்பாவை விரியாது, தொய்வு நேரத்துக்கு நேரம் மாறும், மூடிய இமைமேல் 2 நிமிடம் பனிக்கட்டி வைத்தால் பெரும்பாலும் இமை சற்று உயரும்.

சி.டி.யா, எம்.ஆர்.ஐ.யா? திடீர்த் தலைவலியும் விரிந்த பாவையும் சேர்ந்து வந்தால், இரத்தக்குழாய் வீக்கத்தைத் தேட உடனடி சி.டி. ஆஞ்சியோகிராம். அந்த அவசரம் இல்லையென்றால் மருந்தேற்றி எடுக்கும் எம்.ஆர்.ஐ.தான் கேவர்னஸ் சைனஸை நன்றாகக் காட்டும்.

காரணத்தைக் கண்டறிய ஸ்டீராய்டு கொடுத்துப் பார்ப்பது கவர்ச்சியான குறுக்குவழி. கேவர்னஸ் சைனஸ் பகுதி அழற்சியான டொலோசா–ஹண்ட் நோயில் அந்த மருந்தால் வலி பெரும்பாலும் 72 மணி நேரத்துக்குள் அடங்கும். லிம்போமா என்ற புற்றுநோயும் அதே மருந்துக்குத் தற்காலிகமாகச் சுருங்கும் என்பதுதான் சிக்கல். கட்டுக்கடங்காத நீரிழிவு உள்ளவருக்குக் கறும்பூஞ்சை இருந்தாலோ, அந்த மருந்து பூஞ்சைக்கே துணைபோகும். படம் எடுக்காமல் ஸ்டீராய்டைத் தொடங்குவதை நான் ஏற்கமாட்டேன்.

காரணத்துக்குச் சிகிச்சை அளித்த பிறகு, விழிகளின் கோணல் மாறாமல் நிலைத்துவிட்டதா என்று வழக்கமாக 6 மாதமாவது பார்ப்பார்கள். இடைக்காலத்தில் இரட்டைப் பார்வையைத் தவிர்க்க, ஒளியை வளைத்துப் பிம்பங்களை ஒன்றுசேர்க்கும் பிரிசம் கண்ணாடியைவிடக் கண்மறைப்பே மேல். பார்க்கும் திசைக்குத் திசை கோணல் மாறும்போது பிரிசத்தால் ஈடுகொடுக்க முடிவதில்லை. இமை முழுக்க மூடியிருந்தால் அந்த மறைப்பும் வேண்டாம்.

அறுவை சிகிச்சை என்றால் முதலில் விழித்தசை, பிறகே இமை. தோற்றம் உறுத்துவதால் பலர் இமையைத்தான் முதலில் தூக்கச் சொல்கிறார்கள். தூக்கியதும் அதுவரை மறைந்திருந்த இரட்டைப் பார்வை வெளிப்படும். தூங்கும்போது விழி மேல்நோக்கிச் சுழலும் இயல்பான பாதுகாப்பும் இவர்களுக்கு இல்லாததால், திறந்த இடுக்கில் கருவிழி உலர்ந்து புண்ணாகலாம். ஆகவே இமையைக் கொஞ்சமாகத்தான் உயர்த்த வேண்டும். நெற்றித் தசையோடு இணைக்கும் சிலிக்கான் பட்டையைப் பின்னாளில் தளர்த்தவும் முடியும்.

சிறு குழந்தையின் பாவையை இமை மறைத்தால் இந்த வரிசை செல்லாது. சோம்பேறிக் கண் (பயன்படாததால் பார்வை வளராத நிலை) உருவாகிவிடும் என்பதால் இமைக்கு அங்கே காத்திருக்க நேரமில்லை.