‘ரைட் பிளாக்கர்’ ஸ்டிக்கரை நம்பி 14,000 ரூபாய் கொடுத்தேன்

கடலூரில் மச்சானும் நானும் டைல்ஸ் கடை வைத்திருக்கிறோம். மூன்றாவது பங்குதாரர் விலகிய வாரத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து இரண்டு வருட ஸ்டாக் கணக்கும் காணாமல் போனது. அழித்தது யார் என்பது கோர்ட்டில் இருக்கிறது, இங்கே பேசவில்லை. அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு புதுச்சேரியில் ஒரு டேட்டா ரெக்கவரி கடைக்குப் போய் ஏமாந்ததைத்தான் சொல்ல வந்தேன். கடையின் பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

“ஃபாரன்சிக் இமேஜிங் சார், கோர்ட்ல செல்லும்” என்றார் கடைக்காரர். டிஸ்க்கை ஒன்றுவிடாமல் அப்படியே நகலெடுப்பதைத்தான் இமேஜிங் என்கிறார்கள். மேஜையில் கறுப்பாக ஒரு டப்பா, அதன் மேல் ‘ரைட் பிளாக்கர்’ என்று பிரின்ட் எடுத்து ஒட்டிய ஸ்டிக்கர். டிஸ்க்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் உட்கார்ந்து, படிக்கச் சொல்லும் கட்டளையை விட்டுவிட்டு எழுதச் சொல்லும் கட்டளையை மட்டும் தடுக்கிற கருவி அது என்று அவரே அழகாக விளக்கினார். விளக்கத்தில் ஒரு தப்பும் இல்லை. டப்பாதான் வேறு.

மாட்டியதும் லேப்டாப்பில் ஒரு பெட்டி எழுந்தது: டிரைவில் கோளாறு, சரிசெய்யவா? அவர் யோசிக்காமல் சரி என்று அழுத்தினார். நான் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்றார். 40 நிமிடத்தில் திரும்பினால் வேலை முடிந்தது என்று ஒரு பென்டிரைவும் சான்றிதழும் கையில் கொடுத்தார். 14,000 ரூபாய்.

அந்த 40 நிமிடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்களுடையது 1 டிபி டிஸ்க், பழைய சுழலும் வகை. அதை முதல் செக்டரிலிருந்து கடைசி செக்டர் வரை, அழிந்துபோன இடத்தையும் சேர்த்துப் படித்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேலேயே ஆகும். அவர் செய்தது வெறும் காப்பி பேஸ்ட். கண்ணுக்குத் தெரியும் ஃபைல்களை மட்டும் எடுத்திருக்கிறார். எங்களுக்கு வேண்டியதோ அழிக்கப்பட்டவை.

சான்றிதழைப் பார்த்த வக்கீல் கேட்ட முதல் கேள்வி: “ஹாஷ் எங்கே?” டிஸ்க்கில் உள்ளதை எல்லாம் கணக்கிட்டு வரும் ஒரு நீண்ட எண் அது. ஒரு பிட் மாறினாலும் எண் மாறிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ்ப் படிவத்தில் ஹாஷை எழுதவே இடம் இருக்கிறது, நிபுணர் கையெழுத்திட வேண்டிய இரண்டாம் பகுதியும் உண்டு. எனக்குக் கிடைத்ததோ பழைய சட்டத்தின் 65-பி என்று தலைப்பிட்ட ஒரு பக்கம். அடியில் கடை முத்திரை.

அப்புறம் சென்னையில் ஒரு தனியார் நிபுணரிடம் போனோம். அந்த அம்மா டிஸ்க்கைப் படித்துவிட்டு ஒன்றைக் காட்டினார். ரீசைக்கிள் பின்னுக்குள், எங்கள் கம்ப்யூட்டரிலேயே இல்லாத ஒரு யூசருக்கான ஃபோல்டர். உருவான தேதி, நாங்கள் கடைக்குப் போன அதே நாள். விண்டோஸ் ஒரு டிரைவைக் கண்டால் சும்மா இருக்காது, தானாகவே எதையாவது எழுதிவைக்கும், அதற்குத்தான் பிளாக்கர் என்றார். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இது ஒன்று போதும். “டிஸ்க் உங்க கையில இருக்கும்போதே மாறியிருக்கே” என்று கேட்டால் எங்களிடம் என்ன பதில்?

அந்த நிபுணரே ஒரு பரிசோதனையும் சொல்லிக்கொடுத்தார். வீட்டில் கிடந்த பழைய டிஸ்க்கை எடுத்துக்கொண்டு மறுபடி புதுச்சேரிக்குப் போனேன். அரியாங்குப்பம் டிராஃபிக்கில் நிற்கும்போதே கோபம் பாதி ஆறிவிட்டது, நல்லதுதான். அதே டப்பாவில் மாட்டச் சொல்லி, ‘சோதனை’ என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கினேன். உருவானது. ஆனால் அதை வைத்து மட்டும் முடிவு செய்யக் கூடாதாம். சில நல்ல பிளாக்கர்கள் எழுதிவிட்டதாகக் கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும், ஃபோல்டர் திரையில் இருக்கும், டிஸ்க்கில் இருக்காது. அதனால் கழற்றி, வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்க வேண்டும். மாட்டினேன். ‘சோதனை’ பத்திரமாக இருந்தது. ஸ்டிக்கரை உரித்தால் கீழே, டிஸ்க்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சாதாரண யுஎஸ்பி டாக்.

எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத சிப் வகை டிஸ்க் என்றால் இன்னும் சிக்கல். கரண்ட் கொடுத்ததும் அதன் உள்ளே இருக்கும் கன்ட்ரோலரே அழித்த இடத்தைச் சுத்தம் செய்யத் தொடங்கிவிடலாம், அதை எந்தப் பிளாக்கரும் தடுக்காது. எங்களுடையது எஸ்எஸ்டி இல்லை என்பதுதான் ஒரே ஆறுதல்.

சென்னையில் எடுத்த இமேஜுக்கு 2 மணி 50 நிமிடம் ஆனது. மாட்டிய கருவியின் மாடல், சீரியல் எண், தொடங்கிய நேரம், ஹாஷ் எல்லாவற்றையும் எழுதி எங்கள் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டார். கடையில் நடந்ததையும் அறிக்கையில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். கோர்ட் அதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்பது இனிமேல்தான்.

கடைக்காரரைக் கேட்டதற்கு, “ஃபைல் எல்லாம் இருக்குல்ல சார், அப்புறம் என்ன?” என்றார். நாலு தடவை போன் செய்தபிறகு 6,000 அனுப்பினார். மீதி 8,000 ரூபாய்க்கு இன்றுவரை பதில் இல்லை.