பைக்கில் போன் சார்ஜர்: பேட்டரியில் நேரடியாகவா, ரிலே வழியாகவா?

12 நாள் வெளியூர் போய்விட்டு வந்து சாவியைத் திருப்பினேன். மீட்டர் விளக்கு மங்கலாக எரிந்தது. செல்ஃப் பட்டனை அழுத்தினால் சீட்டுக்கு அடியிலிருந்து டக் டக் என்று சத்தம் மட்டும்தான் வந்தது. மல்டிமீட்டரை வைத்தேன், 11.6 வோல்ட். நன்றாக இருக்கும் லெட் ஆசிட் பேட்டரி, வண்டி ஓடாமல் நிற்கும்போது 12.6-க்குக் குறையாமல் காட்ட வேண்டும். பேட்டரி மாற்றி ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. இடையில் நான் புதிதாகச் சேர்த்தது ஹேண்டில்பாரில் ஒரு யூஎஸ்பி சார்ஜர். பேட்டரியின் இரண்டு டெர்மினலிலும் நேரடியாகக் கொடுத்திருந்தேன்.

பைக்கிலிருந்து போன், கேமரா, ஹெல்மெட் புளூடூத் போன்றவற்றுக்கு மின்சாரம் எடுக்கப் பொதுவாக மூன்று வழிகள் உண்டு. பேட்டரியிலிருந்து நேரடியாக எடுக்கலாம். சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஏதாவது ஒரு வயரில் ஒட்டிக்கொள்ளலாம். அல்லது நடுவில் ஒரு ரிலே, அதாவது சிறிய கரண்ட் வந்தால் தானாக மூடிக்கொள்ளும் சுவிட்ச், வைக்கலாம். நான் மூன்றையும் செய்து பார்த்து ரிலேயில் நின்றுவிட்டேன். அதனால் இது நடுநிலையான அலசல் இல்லை.

பவர் பேங்க்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எப்போதாவது ஒரு நீண்ட பயணம் என்றால் அதுவே போதும், வண்டியில் கை வைக்க வேண்டாம். 10,000 mAh என்று அச்சிட்டிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. 5 வோல்ட்டாக மாற்றித் தரும்போது போனுக்கு வந்து சேர்வது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். வெயிலில் டேங்க் மேல் பையில் வைத்து ஓட்டாதீர்கள், லித்தியம் செல்லுக்குச் சூடு ஆகாது. தினமும் மேப் போட்டு ஓட்டுகிறவர்களுக்கு இது சரிவராது.

வண்டி இந்தச் சுமையைத் தாங்குமா என்பது பலருக்கும் வரும் பயம். தாங்கும். 5 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 10 வாட். மாற்றும்போது வீணாவதையும் சேர்த்தால் பேட்டரி பக்கத்தில் 1 ஆம்பியர்கூட வராது. பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றே 35 முதல் 55 வாட் வரை தின்கிறது. கூடுதல் ஃபாக் லைட், சூடேற்றும் உடை என்று போகிறவர்கள்தான் ஸ்டேட்டரின் (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் பாகம்) திறனைக் கணக்குப் பார்க்க வேண்டும்.

என் முடிவைத் தீர்மானித்தது வண்டி ஓடும்போது நடப்பது அல்ல, நிற்கும்போது நடப்பது.

யூஎஸ்பி சார்ஜர் என்பது 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கும் ஒரு சின்ன சர்க்யூட். போன் மாட்டாமல் இருந்தாலும் அது தூங்குவதில்லை, கொஞ்சம் கரண்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சிறிய எல்இடியோ வோல்ட் காட்டும் டிஸ்பிளேயோ இருந்தால் இன்னும் கூடும். அன்றைக்குப் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, டெர்மினலுக்கும் வயருக்கும் நடுவில் மீட்டரை வைத்து அளந்தேன். 28 மில்லி ஆம்பியர். பார்க்க ஒன்றுமில்லாத எண்தான். ஆனால் ஒரு நாளைக்கு 24 மணி நேரம் என்று பெருக்குங்கள்: 0.67 ஆம்பியர் ஹவர். 12 நாளைக்கு 8. என் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 9.

இழந்ததை மறுபடி ஏற்றிவிட்டால் போதும் என்றால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். லெட் ஆசிட் பேட்டரி காலியான நிலையில் கிடந்தால் தகடுகளில் படியும் லெட் சல்ஃபேட் கெட்டியாகிவிடும், அப்புறம் அது முழுதாகக் கரையாது. நான் ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு ஒரு நாள் விட்டு அளந்தபோது 12.3-க்கு மேல் ஏறவில்லை. நாலு மாதத்தில் பேட்டரியையே மாற்ற வேண்டி வந்தது.

தினமும் ஓட்டினால் இந்தக் கசிவு வெளியே தெரியாது, ஸ்டேட்டர் திருப்பி ஏற்றிவிடும். அதனால்தான் நேரடி இணைப்பு வைத்திருக்கும் பலர் எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்கிறார்கள். அவர்கள் சொல்வதும் உண்மைதான். காய்ச்சலோ, மழையோ, ஊருக்குப் போவதோ வந்து வண்டி பத்து நாள் நிற்கட்டும், அப்போது தெரியும்.

நடுவில் ஒரு சுவிட்ச் போட்டால் போதாதா என்றால், போதும், அணைக்க மறக்காதவர்களுக்கு. மழையில் நனைந்த கையோடு இறங்கி வீட்டுக்குள் ஓடும்போது எனக்கு அது நினைவில் இருப்பதில்லை.

மழை என்றதும் இன்னொன்று. சார்ஜரின் ரப்பர் மூடி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஒரு நாள் திறந்தே கிடக்கும், தண்ணீர் உள்ளே போகும். அந்த நேரத்தில் பின்களில் 5 வோல்ட் இருந்தால் அரிப்பு வேகமாக நடக்கும். என் முதல் சார்ஜரின் வாயில் டார்ச் அடித்துப் பார்த்தேன். பாசிட்டிவ் பின்னைச் சுற்றி மட்டும் பச்சை பூத்திருந்தது, மற்றவை பளபளவென்று இருந்தன. மின்சாரம் இல்லாத பின் நனைந்தால் பெரும்பாலும் காய்ந்துவிடும்.

சரி, சாவி போட்டால் வரும் வயரில் ஒட்டிக்கொள்வது? கசிவுப் பிரச்சினை தீர்ந்துவிடும், அரை மணி நேரத்தில் வேலையும் முடியும். நான் பிரேக் லைட் சுவிட்சுக்குப் போகும் வயரில் எடுத்தேன். ஆறு மாதம் ஒழுங்காக ஓடியது. எனக்குப் பிடிக்காமல் போனதற்குக் காரணம் ஃபியூஸ். சிறிய வண்டிகள் பலவற்றில் ஹாரன், பிரேக் லைட், இண்டிகேட்டர் எல்லாவற்றுக்கும் ஒரே ஃபியூஸ்தான், சிலவற்றில் இன்ஜினுக்கும் அதேதான். ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதியில் சார்ஜர் வயர் உரசி ஷார்ட் ஆனால் போன் சார்ஜ் நிற்பதோடு முடியாது. இருட்டில் லாரிக்கு முன்னால் போகும்போது பிரேக் லைட்டும் போகும்.

இந்த வழியில்தான் போவேன் என்பவர்கள் ஹெட்லைட் வயரில் மட்டும் எடுக்காதீர்கள். பழைய சிறிய வண்டிகள் சிலவற்றில் ஹெட்லைட் பேட்டரியில் எரிவதில்லை, ஸ்டேட்டரிலிருந்து வரும் ஏசி (மாறுதிசை) மின்சாரத்தில் எரிகிறது. சாவி போட்டு, இன்ஜினை எழுப்பாமல் லைட்டைப் போட்டுப் பாருங்கள். எரியவில்லை என்றால் அது அந்த வகையாக இருக்க வாய்ப்பு அதிகம், சார்ஜரைக் கொடுத்தால் எரிந்துபோகும். வயரைக் கடித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்பும் வேண்டாம். உள்ளே இருக்கும் மெல்லிய இழைகளில் பாதியை அது வெட்டிவிடும், மீதியை அரிப்பு தின்றுவிடும்.

ரிலே இந்த இரண்டு வழியின் நல்லதையும் எடுத்துக்கொள்கிறது. கரண்ட் பேட்டரியிலிருந்தே வருகிறது, தனி ஃபியூஸோடு. சாவியின் வயர் செய்வது கதவைத் திறக்கும் வேலை மட்டும். நான்கு கால் ரிலேயில் 30 என்று எண் போட்ட கால் பேட்டரிக்கு, 87 சார்ஜருக்கு. 85, 86 இரண்டும் ரிலேயை இயக்கும் காந்தச் சுருளுக்கு: ஒன்று சாவி வயருக்கு, மற்றது நெகட்டிவுக்கு. சுருள் எடுப்பது 0.15 ஆம்பியர் அளவுதான், வண்டியின் வயருக்கு அது தூசு. அந்தச் சின்ன வயருக்கும் நான் 2 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று போட்டிருக்கிறேன், அது உரசினாலும் பிரேக் லைட் போகக் கூடாது என்பதற்காக. சாவியைத் திருப்பும்போது சீட்டுக்கு அடியில் மெல்லிதாக டிக் என்று கேட்கும். இன்றும் அதைக் கேட்டால்தான் எனக்கு நிம்மதி.

மாட்டும்போது முக்கியமானது ஃபியூஸின் இடம். 5 ஆம்பியர் போதும், ஆனால் பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். சார்ஜர் பக்கத்தில் ஃபியூஸ் வைத்தால் நடுவில் இருக்கும் முழு வயருக்கும் காவல் இல்லை. அந்த வயர் ஷார்ட் ஆனால் சிவக்கச் சூடாகும், மேலேயே பெட்ரோல் டேங்க். வேலை தொடங்கும்போது நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், முடிக்கும்போது கடைசியில் மாட்டுங்கள். ரிலேயின் கால்கள் கீழ்நோக்கி இருக்கட்டும், தண்ணீர் தேங்காது. ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்து, வயர் இழுபடாத அளவுக்குத் தளர்வு விடுங்கள். வயர் இணைப்பில் ஈயம் வைத்தால் (சால்டரிங்) உறுதி என்று நினைப்பது இயல்பு. ஆனால் அதிர்வில் ஈயம் முடியும் இடத்தில்தான் வயர் முறியும், கிரிம்ப் செய்து (உலோக முனையை வயர்மேல் நசுக்கிப் பிடிக்கவைத்து) ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) போடுவதே மேல்.

ரிலேயின் குறை இன்னொரு பொருள், இன்னும் நாலு இணைப்பு, அரை நாள் வேலை. இன்ஜினை அணைத்துவிட்டுக் கூடாரத்தில் போன் சார்ஜ் போட வேண்டும் என்றாலும் இது உதவாது. அதற்காகப் பேட்டரியில் ஃபியூஸோடு ஒரு நேரடி பிளக்கையும் தொங்கவிட்டிருக்கிறேன், மூடி போட்டு. அதில் எதுவும் மாட்டாதபோது எதுவும் உறிஞ்சாது, வீட்டில் பேட்டரி சார்ஜரையும் அதிலேயே மாட்டிவிடலாம்.

என் அனுபவம் இரண்டு வண்டியோடு சரி, இரண்டிலும் லெட் ஆசிட் பேட்டரி. லித்தியம் பேட்டரி வண்டியிலோ, கணினி ஒவ்வொரு பல்பையும் கண்காணிக்கும் பெரிய வண்டியிலோ நான் கை வைத்ததில்லை. அப்படிப்பட்ட வண்டியில் தயாரிப்பாளர் விட்டிருக்கும் துணைக்கருவி இணைப்பைத்தான் தேடுவேன்.

வேலை முடிந்ததும் மறுபடி மீட்டரை நெகட்டிவில் வைத்து அளந்தேன், சாவியைத் தொடாமல். தொட்டால் மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் போய்விடலாம். 28 காட்டிய இடத்தில் 1 மில்லி ஆம்பியர். அது வண்டியின் கடிகாரம் எடுப்பது.