வன்னி வெளியில் இரண்டு வானம்பாடிகள்

அறுவடை முடிந்த கிளிநொச்சி வயலில் மண்நிறக் குருவி ஒன்று எழும்பினால் எல்லோரும் வானம்பாடி என்று சொல்லிவிடுகிறோம், சரி, ஆனால் எந்த வானம்பாடி?

தடித்த அலகு, கட்டை வால், பறக்கும்போது சிறகில் செம்மண் நிறம் என்றால் அது புதர் வானம்பாடி. வேலிக்கட்டையில் உட்கார்ந்திருக்கும், கொஞ்ச உயரம் எழும்பி, சிறகை விரித்துத் தூக்கியபடி, காலைத் தொங்கவிட்டு மெதுவாக இறங்கும். அந்த இறக்கத்தை ஒருமுறை பார்த்தால் மறக்காது.

மற்றது அலாடா பேரினத்தைச் சேர்ந்தது, பேரினம் என்றால் நெருங்கிய இனங்களின் தொகுதி. அலகு மெல்லியது, தலையில் சிறு கொண்டை, பெரும்பாலும் தரையில்தான் நிற்கும், பாட்டுக்கு மட்டும் கண்ணுக்கு எட்டாத உயரம் போய் நிறுத்தாமல் பாடும்.

அலாடா 1758இல் லின்னேயஸ் வைத்த பெயர். அதில் நம்முடைய இனமான குல்குலா மத்திய ஆசியாவிலிருந்து பிலிப்பைன்ஸ் வரை பரவியிருக்கிறது. புதர் வானம்பாடிக்கோ தென்னிந்தியாவும் இலங்கையும்தான் வீடு. முன்பு அசாம் பக்கத்து இனத்தோடு ஒன்றாகச் சேர்த்திருந்தார்கள், 1998இல் பாட்டையும் பறப்பையும் ஒப்பிட்டுத் தனி இனமாகப் பிரித்தார்கள். 2023இல் அது இருந்த மிராஃப்ரா என்ற பெரிய பேரினமே நான்காக உடைந்தது, புதர் வானம்பாடி இப்போது புளோசியலாடா பேரினத்தில் இருக்கிறது.

எனக்குப் புதர் வானம்பாடிதான் பிடிக்கும். அலாடாவின் பாட்டு நீளம், உண்மைதான், ஆனால் இது கைக்கெட்டும் தூரத்தில், நம் வேலியிலேயே நின்று பாடுகிறது.