பாதியில் விட்டுவிட்டுப் படுக்கலாமா? நோயோடு வரைபவருக்கு எந்த வண்ணம் தோது

வயதான பிறகு, தீராத நோயையும் வைத்துக்கொண்டு ஓவியம் பழக நினைப்பவர்களிடம் பலரும் சொல்வது, "அக்ரிலிக்கில் ஆரம்பியுங்கள், அதுதான் சுலபம்." திடமாக இருப்பவருக்குச் சரி. வலியும் களைப்பும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: நினைத்த நிமிஷத்தில் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுப் போய்ப் படுக்க முடியுமா?

அங்கேதான் அக்ரிலிக் என்கிற, தண்ணீரில் கலந்து பூசும் பிளாஸ்டிக் வண்ணம் தோற்கிறது. தட்டில் பிதுக்கிய வண்ணம் சீக்கிரமே ஏடு கட்டிவிடும். பிரஷ்ஷைக் கழுவாமல் கொஞ்சம் கண்ணயர்ந்தால் போச்சு. மயிர் பிளாஸ்டிக்காக இறுகிவிடும், அப்புறம் தண்ணீருக்கு மசியாது. உடம்புக்கு முடியாத நேரத்தில்தான் கழுவும் வேலை வந்து சேர்கிறது.

வாட்டர்கலர் நேர் எதிர். அது வேலம்பிசினில் குழைத்த வண்ணம். வில்லையாகக் காய்ந்து கிடந்தாலும் ஈரப் பிரஷ்ஷால் தொட்டதும் கரையும். பல நாள் கழித்து எடுத்தாலும் அப்படித்தான். அழுத்தம் வேண்டாம், பிரஷ் நுனி தாளைத் தொட்டாலே போதும்; விரல் மூட்டு வீங்கியவருக்கு இது பெரிய விஷயம். படுக்கையில் சாய்ந்தபடி மடியில் பலகை வைத்தும் வரையலாம். தப்பைத் திருத்தவே முடியாது என்று பயமுறுத்துவார்கள். பாதிதான் உண்மை: நல்ல தாளாக இருந்தால் ஈரப் பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்துத் துணியால் ஒற்றி எடுக்கலாம், பல நிறங்கள் வெளுத்துவிடும். நிஜமான தொல்லை வானம் போன்ற பெரிய பூச்சில்தான். ஈரம் காய்வதற்குள் முடிக்காவிட்டால் நடுவில் கோடு விழும். அஞ்சலட்டை அளவில் வரைகிறவருக்கு அந்த அவசரமும் அவ்வளவாக இல்லை.

எண்ணெய் வண்ணத்தைப் பெரிய ஆட்கள் சமாச்சாரம் என்று ஒதுக்குகிறார்கள். ஆனால் அவ்வளவு பொறுமையான வண்ணம் வேறில்லை. ஆளிவிதை எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை; காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நாள்கணக்கில் மெதுவாக இறுகுகிறது. இன்று விட்ட ஈரத்தில் நாளை தொடரலாம். பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன பிறகும், 1919-இல் இறக்கும்வரை இதில்தான் வரைந்துகொண்டிருந்தார். வண்ணத்தை இளக்கவும் பிரஷ் கழுவவும் எடுக்கிற, நெடியடிக்கும் டர்பன்டைன்தான் வில்லன், ஆஸ்துமா உள்ளவர் அதன் கிட்டவே போக வேண்டாம். தண்ணீரிலேயே கழுவக்கூடிய எண்ணெய் வண்ணங்கள் இப்போது கிடைக்கின்றன. என்னைக் கேட்டால், வாட்டர்கலருக்கு அடுத்த இடம் அதற்குத்தான்.

பாஸ்டல் என்பது குச்சியாக வரும் வண்ணம்; அதில் காய வைக்கிற, கழுவுகிற வேலையே கிடையாது. ஆனால் சாஃப்ட் பாஸ்டல் பொடி நுரையீரல் நோய்க்கு ஆகாது. ஆயில் பாஸ்டலில் பொடி இல்லை, ஆனால் அழுத்தித் தேய்க்க வேண்டும், விரல் கெஞ்சும்.

அமெரிக்க ஓவியர் கிராண்ட்மா மோசஸ் மூட்டுவாதத்தால் எம்பிராய்டரி ஊசி பிடிக்க முடியாமல் போய்த்தான், எழுபது தாண்டி முழுமூச்சாக ஓவியத்தில் இறங்கினார். ஊசியைவிடப் பிரஷ் பிடிப்பது லேசு. அந்த மெல்லிய காம்பும் கைக்கு அடங்கவில்லையா? நுரைக் குழாய்த் துண்டு ஒன்றை மாட்டித் தடிமனாக்கிக்கொள்ளலாம். எந்த வண்ணமானாலும் முதலில் செய்ய வேண்டிய செலவு அதுதான்.